கோடும் இலக்கணமும்: ஓவிய உறுப்புகளின் வரலாறு

கவிதைக்கு உறுப்புகள் உண்டு என்பதை நம் வட்டத்து அன்பர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. தொல்காப்பியர் செய்யுளியலின் முதல் நூற்பாவிலேயே மாத்திரை முதலாக 34 உறுப்புகளை வரிசைப்படுத்துகிறார். பல நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த அமிதசாகரர், யாப்பருங்கலக் காரிகையில் எழுத்து, அசை, சீர், தளை, அடி, தொடை என்னும் ஆறு உறுப்புகளை நிலைக்களனாகக் கொண்டு யாப்பைச் சுருங்க உரைத்தார். 34 எவ்வாறு 6 ஆயிற்று? கவிதை சுருங்கிவிடவில்லை; கவிதையை நோக்கி இலக்கணம் கேட்ட கேள்வி மாறிற்று என்பதே விடையாகும். தொல்காப்பியர் கேட்போரையும் களத்தையும் காலத்தையும் பயனையும்கூடச் செய்யுளின் உறுப்புகள் என்றார். காரிகையோ செய்யுள் கட்டக் கற்கும் மாணாக்கனை முன்னிறுத்திற்று.

ஓவியத்திற்கும் வடிவமைப்புக்கும் இத்தகைய உறுப்புப் பட்டியல் ஒன்று இன்று உலகெங்கும் வழங்கி வருகிறது. கோடு, வடிவம், திண்மை, இடவெளி, வண்ணம், ஒளிநிழல், மேற்பரப்பின் இழைவு ஆகியன காட்சிக் கலையின் அடிப்படை உறுப்புகள் எனப்படும். அவ்வுறுப்புகளை ஒன்றுசேர்க்கும் நெறிகளாகச் சமநிலை, முரண், முதன்மை, லயம், அளவுப் பொருத்தம், ஒருமை ஆகியவற்றைக் கூறுவர். உறுப்புகளை ஏழென்பாரும் ஐந்தென்பாரும் உளர். நெறிகளின் தொகையும் ஆசிரியர்க்கு ஆசிரியர் மாறும்.

இவை பொருளற்ற சொற்கள் அல்ல. சோழர் காலத்து ஆடவல்லான் செப்புத் திருமேனி ஒன்றின் முன் நின்று இவற்றைச் சோதித்துப் பார்க்கலாம். ஒரு காலை ஊன்றி மறு காலைக் குறுக்கே தூக்கிய உருவம் சாய்ந்து விழாது நிற்பதே சமநிலை. கைகளின் வளைவும் விரிசடையின் வீச்சும் ஒன்றையொன்று தொடர்ந்தோடுவது லயம். ஊன்றிய காலின் உறுதியும் தூக்கிய காலின் எளிமையும் எதிரெதிர் நிற்பது முரண். அனைத்தையும் திருவாசி தன் வட்டத்துள் தழுவிக்கொள்வது ஒருமை. பெயர் தெரிந்த பின் கண் இன்னும் நுணுகிக் காண்கிறது. இலக்கணத்தால் வரும் பயன் இதுவே.

ஆயினும் இப்பட்டியல் இயற்கையாகவே கிடைத்த ஒன்றன்று. வெவ்வேறு காலத்தார், வெவ்வேறு ஊரினர், தத்தம் தேவைக்கேற்பச் சேர்த்தும் நீக்கியும் உண்டாக்கியது அது. எந்த உறுப்பு முதன்மை பெற்றது, எது புறந்தள்ளப்பட்டது என்பதில் ஒரு மக்களின் கலையே ஏற்றம் பெறுவதும் இறங்குவதும் அடங்கியுள்ளன. அவ்வரலாற்றைக் கோடு என்னும் ஓர் உறுப்பின் வழியே தொடர்ந்து காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

புனையா ஓவியம்

தமிழில் எழுதுதல் என்னும் வினை எழுத்திற்கும் ஓவியத்திற்கும் பொதுவானது. பாட்டை எழுதினர், படத்தையும் எழுதினர். சங்கச் சான்றோர் வண்ணம் தீட்டப்பெறாத வெறுங்கோட்டு ஓவியத்திற்குப் புனையா ஓவியம் என்று பெயரிட்டிருந்தனர். நெடுநல்வாடையில் நக்கீரர், போர்மேற் சென்ற தலைவனைப் பிரிந்து அணி துறந்திருக்கும் அரசியை அத்தகைய ஓவியத்திற்கு ஒப்பிடுகிறார். உவமை எடுபட வேண்டுமெனில் கேட்போர் அப்பொருளை அறிந்திருத்தல் வேண்டும். ஆகவே கோடு வரைதல், வண்ணம் தீட்டல் என்னும் இரு நிலைகளையும் வேறுவேறாக உணர்ந்த ஒரு சமுதாயம் அன்று இருந்தது எனத் துணியலாம். மதுரைக்காஞ்சி ஓவியரைக் கண்ணுள் வினைஞர் என்று அழைத்து, அவர்தம் கூரிய நோக்கைச் சிறப்பிக்கிறது. பரிபாடலின் 19ஆம் பாடல் திருப்பரங்குன்றத்து மண்டபத்தில் எழுதப்பட்டிருந்த ஓவியங்களை மக்கள் சுட்டிக் காட்டி, இன்னார் இன்னார் என்று வினவியும் விடையிறுத்தும் மகிழ்ந்ததைக் கூறுகிறது.

அப்பழங்கால ஓவியங்கள் நமக்குக் கிடைக்கவில்லை. கிடைத்தவற்றுள் சித்தன்னவாசல் அறிவர் கோயிலில் உள்ளவை முதன்மையானவை. 9ஆம் நூற்றாண்டில் பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில் மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்தான் என்று அங்குள்ள கல்வெட்டு கூறும். விதானத்துத் தாமரைப் பொய்கையும் தூண்களில் ஆடும் மகளிரும் கோட்டின் வல்லமையால் உயிர் பெற்றவை. அங்கே உருவத்தின் திரட்சியைக் காட்டும் பொறுப்பை நிழல் ஏற்கவில்லை. வளைந்து செல்லும் கோடே ஏற்கிறது.

ஆறு அங்கங்கள்

வடமொழியில் ஓவியத்தைப் பற்றி விரிவாகக் கூறும் பழைய நூல் விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் அமைந்த சித்திரசூத்திரம் ஆகும். வஜ்ரன் என்னும் மன்னன் திருமேனி சமைக்கும் முறையைக் கற்பிக்குமாறு மார்க்கண்டேயரை வேண்டுகிறான். ஓவியம் அறியாது சிற்பம் அறிய இயலாது என்கிறார் முனிவர். ஓவியத்திற்கு நடனமும், நடனத்திற்குக் கருவியிசையும், அதற்கு வாய்ப்பாட்டும் முன்னறிவாக வேண்டும் என்று உரையாடல் வளர்கிறது. இறுதியில் மொழியும் யாப்பும் கற்க வேண்டியதாகிறது. ஒரு கல்லைச் செதுக்க விரும்பியவன் சீரும் அடியும் கற்கச் செல்கிறான்! கலைகள் யாவும் ஒன்றோடொன்று கைகோத்து நிற்பவை என்பதை இதனினும் அழகாகக் கூற இயலாது.

அந்நூலில் நமக்கு வேண்டிய மற்றொரு செய்தியும் உண்டு. ஓவியத்தில் யார் யார் எதனைப் போற்றுவர் என்று அது வகுத்துக் காட்டுகிறது. ஆசான்கள் கோட்டைப் போற்றுவர், நுண்ணறிவினர் ஒளிநிழலை, மகளிர் அணிகளை, ஏனையோர் வண்ணச் செறிவை என்பது அதன் கருத்து. மகளிரைப் பற்றிய கூற்று அக்காலத்தின் கூற்று. ஆனால் ஆசான்களின் மதிப்பில் கோடு முதலிடம் பெற்றமை இங்கே கருதத்தக்கது.

பின்னர்க் காமசூத்திரத்திற்கு உரை வகுத்த யசோதரர், ஓவியத்தின் ஆறு அங்கங்களைக் குறிப்பிடுகிறார். உருவ வேறுபாடு, அளவு, மெய்ப்பாடு, அழகைச் சேர்த்தல், ஒப்புமை, வண்ணங்களைக் கையாளும் திறம் என்று அவற்றைத் தமிழாக்கலாம். சீன நாட்டில் 6ஆம் நூற்றாண்டில் ஷியே ஹோ என்பார் வகுத்த ஆறு நெறிகளும் புகழ்பெற்றவை. அவற்றுள் முதலாவது, ஓவியத்தில் உயிர்ப்பு ஓடவேண்டும் என்பது. தூரிகையின் எலும்புறுதி அதற்கு அடுத்தது. இந்தியப் பட்டியலில் மெய்ப்பாடும் சீனப் பட்டியலில் உயிர்ப்பும் உறுப்புகளாக நிற்கின்றன. இன்றைய பாடநூற் பட்டியலில் இவ்விரண்டிற்கும் இடமில்லை. கண்ணால் அளக்கக்கூடியதை மட்டும் உறுப்பெனக் கொண்டது பிற்கால வழக்கம்.

ஓவியருக்கு மதிப்பெண்

இனி ஐரோப்பாவை நோக்குவோம். இத்தாலியரான லியோன் பத்திஸ்தா ஆல்பெர்த்தி 1435ஆம் ஆண்டில் ஓவியம் பற்றி ஒரு நூல் இயற்றினார். புள்ளி, கோடு, பரப்பு என்பவற்றை விளக்கிக்கொண்டே நூல் தொடங்குகிறது. கணித நூலார் வழியில் தொடங்கினும், தாம் கணிதராக அன்றி ஓவியராகவே பேசுவதாக அவர் தெளிவுபடுத்துகிறார். புறவரை, அமைப்பு, ஒளியை ஏற்றல் என மூன்றாக ஓவியத்தைப் பகுத்தார். ஓவியன் வெறும் கைவினையாளன் அல்லன், கற்றறிந்தவன் என்று நிலைநாட்டுவது அவர் காலத்துத் தேவை. வடிவ கணிதம் அவ்வுரிமைக்குச் சான்றாயிற்று.

17ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக் கலைக்கழகத்தில் கோட்டுக் கட்சி, வண்ணக் கட்சி என இரு பிரிவினர் வழக்காடினர். கோடு அறிவைச் சார்ந்தது, வண்ணம் புலனைச் சார்ந்தது என்றனர் முன்னவர். வண்ணமே ஓவியத்தைச் சிற்பத்தினின்று வேறாக்குவது என்றனர் பின்னவர். வண்ணக் கட்சியின் பெரும் பேச்சாளரான ரோஜெர் டி பீல், 1708இல் வெளியிட்ட தம் நூலின் இறுதியில் ஒரு விந்தையான அட்டவணையைச் சேர்த்தார். அமைப்பு, வரைவு, வண்ணம், மெய்ப்பாடு என நான்கு தலைப்புகளின் கீழ் ஒவ்வோர் ஓவியருக்கும் 20க்கு இத்தனை என்று மதிப்பெண் இட்டார். ரஃபேல் 17, 18, 12, 18 பெற்றார், கூட்டினால் 65. ரூபன்ஸ் 18, 13, 17, 17 பெற்றார், அதுவும் 65. மைக்கேலாஞ்சலோவுக்கு வண்ணத்தில் கிடைத்தது 4 மட்டுமே. கரவாஜியோவுக்கு மெய்ப்பாட்டில் சுழி!

இதனை நகைத்து ஒதுக்கிவிடலாகாது. வண்ணத்தை வரைவுக்கு நிகரான தனித் தலைப்பாக்கியவுடனேயே ரூபன்ஸ் ரஃபேலுக்குச் சமமாகிவிட்டார் அல்லவா? தலைப்புகளை வகுத்தபோதே முடிவும் பெரும்பகுதி வகுக்கப்பட்டுவிட்டது. எண்கள் நடுநிலை போலத் தோன்றுகின்றன. கட்சியோ தலைப்புகளில் ஒளிந்திருக்கிறது. இன்று நெஞ்சை உலுக்கும் ஓவியருள் ஒருவராக உலகம் போற்றும் கரவாஜியோவுக்கு மெய்ப்பாட்டில் ஒன்றுமில்லை என்று ஒரு கற்றறிந்த அறிஞர் எழுதியதைக் கவிதைப் போட்டிகளுக்கு நடுவராக அமர்வோர் யாவரும் நினைவிற் கொள்வது நலம்.

சென்னையில் ஒரு பள்ளி

1850இல் அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையில் ஒரு கலைப்பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அது அரசின் பொறுப்பில் வந்தது. மக்களின் ரசனையைச் செம்மைப்படுத்துவதும் கைத்தொழிற் பொருள்களின் வடிவைத் திருத்துவதும் ஹண்டரின் நோக்கங்கள். அடுத்த ஆண்டு, 1851இல், இலண்டனில் பெரும் பொருட்காட்சி நடைபெற்றது. அங்கே வைக்கப்பட்ட இந்தியத் துணிகளும் கைவினைப் பொருள்களும் ஆங்கில வடிவமைப்பாளரை வியக்க வைத்தன. அவருள் ஒருவரான ஓவன் ஜோன்ஸ், 1856இல் அலங்காரத்தின் இலக்கணம் என்னும் பொருள்படும் பெருநூலை வெளியிட்டார். 37 நெறிகளை அதில் வகுத்து, இந்திய அலங்காரத்திற்கு உரிய இடமும் அளித்தார். இந்தியத் துணிகளில் பூவும் இலையும் நிழலின்றித் தட்டையாக, கோட்டிற்கும் வண்ணத்திற்கும் அடங்கி நிற்பதை அவர் பாராட்டினார்.

இங்கே ஒரு முரண் தோன்றுகிறது. இலண்டனில் இந்திய நெசவாளியின் கைவண்ணம் வடிவமைப்பு மாணவனுக்குப் பாடமாயிற்று. அதே காலத்தில் இந்தியாவில் ஆங்கிலேயர் நிறுவிய கலைப்பள்ளிகளில் மாணவன் கிரேக்க, உரோமச் சிற்பங்களின் சாந்துப் படிகளைப் பார்த்து ஒளிநிழலிட்டு வரையப் பழகினான். அலங்காரத்திற்கு ஒரு நெறி, ஓவியத்திற்கு வேறொரு நெறி. இந்தியனின் கோடு துணிக்கும் பாத்திரத்திற்கும் தகும். உயர்ந்த ஓவியத்திற்கு ஐரோப்பிய ஒளிநிழலே தகும் என்னும் எண்ணம் பாடத்திட்டத்திலேயே பதிந்திருந்தது. 1873இல் சென்னைக் கண்காட்சியில் பரிசு பெற்ற இரவிவர்மா இப்பள்ளியில் பயின்றவரல்லர். எனினும் அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்கள் பெற்ற பெருஞ்செல்வாக்கும், 1894இல் தொடங்கிய அவரது அச்சகத்திலிருந்து வீடுதோறும் சென்ற தெய்வப் படங்களும் ஒளிநிழலின் வெற்றியை நாடெங்கும் பரப்பின. பூசையறையில் தெய்வங்களுக்கும் நிழல் விழத் தொடங்கிற்று.

மறுத்துரைக்கப் பழைய சான்றுகள் கண்முன் இருந்தனவா என்றால் அதுவும் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிலின் உட்சுற்றில் இருந்த சோழர் ஓவியங்கள் நாயக்கர் கால ஓவியங்களின் கீழ் மறைந்து கிடந்தன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ். கே. கோவிந்தசாமி அவற்றைக் கண்டறிந்தது 1931இல்தான். அதுவரை 80 ஆண்டுகள், சென்னையில் ஓவியம் பயின்ற தமிழ் மாணவன் தன் முன்னோர் சோழர் காலத்தில் வரைந்த கோட்டைக் கண்டறியாமலே வரைந்து கொண்டிருந்தான்.

பட்டியல் பிறந்த கதை

இன்று பாடநூல்களில் காணும் உறுப்புப் பட்டியலுக்கு நேரான மூதாதை 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் பிறந்தது. ஆர்தர் வெஸ்லி டவ் என்னும் ஆசிரியர், எர்னஸ்ட் ஃபெனலோசாவின் வழிகாட்டலில் ஜப்பானிய அச்சோவியங்களை ஆராய்ந்தார். பார்த்ததைப் பார்த்தவாறே நகலெடுக்கும் பயிற்சியால் மாணவர் கலைஞராவதில்லை என்று கருதினார். 1899இல் வெளியான அவர் நூல் கோடு, இருளொளி, வண்ணம் என்னும் மூன்று உறுப்புகளை மட்டுமே கொள்கிறது. இருளொளி என்பதற்கு அவர் ஜப்பானியச் சொல்லையே ஆண்டார். எதிர்நிலை, மாறிச்செல்லல், கீழ்ப்படுத்தல், மீண்டும் வரல், சமச்சீர் என ஐந்து நெறிகளைக் கூறினார். ஹார்வார்டு பல்கலைக்கழகத்து டென்மன் ராஸ் 1907இல் இயைபு, சமநிலை, லயம் என மூன்றாகச் சுருக்கினார். டவ் ஆசிரியர்களுக்கு ஆசிரியராக விளங்கியமையால் அவர் முறை பள்ளிகளில் வேரூன்றிற்று. கீழ்த்திசையின் கோட்டிலிருந்து கறந்தெடுத்த இலக்கணம் மேற்றிசையின் பொதுப்பாடமாகிப் பின் கீழ்த்திசைக்கே புதிய பாடம் போலத் திரும்பி வந்தது!

ஜெர்மனியில் 1919ஆம் ஆண்டு வால்ட்டர் குரோப்பியஸ் வைமர் நகரில் நிறுவிய பௌஹவுஸ் பள்ளி இதனை வேறொரு வழியில் கொண்டுசென்றது. அங்கே மாணவர் யாவரும் முதலில் யோகான்னஸ் இட்டன் வகுத்த தொடக்கநிலைப் பயிற்சியைக் கடந்தாக வேண்டும். தச்சனாக விரும்பினாலும் நெசவாளியாக விரும்பினாலும் ஓவியனாக விரும்பினாலும், மரத்தையும் நூலையும் தாளையும் தொட்டறிந்து, முரண்களை உணர்ந்து, கோட்டையும் வண்ணத்தையும் பழகுதல் வேண்டும். பால் க்ளேயும் வசீலி காண்டின்ஸ்கியும் அங்கே ஆசிரியர்களாயினர். க்ளேயின் பயிற்சிக் குறிப்பேடு 1925இலும், புள்ளி கோடாகிக் கோடு பரப்பாகும் வகையை ஆராயும் காண்டின்ஸ்கியின் நூல் 1926இலும் வெளிவந்தன.

முக்கோணம், சதுரம், வட்டம் ஆகிய மூன்றிற்கும் மஞ்சள், சிவப்பு, நீலம் ஆகிய மூன்றனுள் எவ்வண்ணம் எதற்குப் பொருந்தும் என்று காண்டின்ஸ்கி ஒரு வினாத்தாள் விடுத்தார். முக்கோணம் மஞ்சள், சதுரம் சிவப்பு, வட்டம் நீலம் என்பது அவர் கொள்கை. இதனை மனிதர் அனைவர்க்கும் பொதுவான விதியாக அவர் எண்ணினார். பின்வந்த ஆய்வுகள் அதனை ஒருமுகமாக உறுதிப்படுத்தவில்லை. நாள்தோறும் நெற்றியில் குங்குமம் இடும் நம் வீட்டுப் பெண்டிரைக் கேட்டிருந்தால் வட்டத்தின் நிறம் எது என்பதற்கு வேறு விடை கிடைத்திருக்கும். கண் தனித்து நின்று காண்பதில்லை. வாழ்ந்த வாழ்க்கையும் உடனிருந்து காண்கிறது.

கல்கத்தா, 1922

இவ்விரு மரபுகளும் நம் நாட்டிலேயே ஒருமுறை நேருக்கு நேர் நின்றன. 1922 டிசம்பரில் கல்கத்தாவில் இந்தியக் கீழ்த்திசைக் கலைச் சங்கம் நடத்திய கண்காட்சியில் இட்டன், க்ளே, காண்டின்ஸ்கி முதலியோரின் படைப்புகளும் தாகூர் குடும்பத்து ஓவியர் முதலாகிய வங்கக் கலைஞரின் படைப்புகளும் ஒருங்கே வைக்கப்பட்டன. இதற்குத் துணை நின்றவருள் ஸ்டெல்லா கிராம்ரிஷ் ஒருவர். வியன்னாவில் பயின்று, இரவீந்திரநாதரின் அழைப்பால் சாந்திநிகேதனம் வந்த அறிஞர் அவர். அவரே 1924இல் சித்திரசூத்திரத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். புத்தம்புதிய இலக்கணத்தையும் பழமையான இலக்கணத்தையும் இரு கைகளிலும் ஏந்தி நின்றவர் ஒருவரே என்பது எண்ணி மகிழத்தக்கது. இரண்டும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. பொருளைப் போலச் செய்வதே ஓவியம் என்னும் கருத்தை இரண்டும் ஏற்கவில்லை. கோட்டிற்குத் தனக்கென ஓர் உயிர் உண்டென்பதில் இரண்டும் ஒன்றுபட்டன.

1933இல் நாஜி ஆட்சியின் நெருக்கடியால் பௌஹவுஸ் மூடப்பட்டது. ஆசிரியர்கள் பல நாடுகளுக்குச் சிதறினர். அவர்தம் தொடக்கநிலைப் பயிற்சியும் உடன் சென்றது. 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் தோன்றியபோது அம்முறையின் தாக்கம் அங்கும் வந்து சேர்ந்தது.

கோடு திரும்பிய காலம்

சென்னைப் பள்ளிக்கு இந்தியர் ஒருவர் முதல்வராக வந்தது தேவி பிரசாத் ராய் சௌத்ரியின் காலத்தில்தான். மெரினாவில் நிற்கும் உழைப்பாளர் சிலையை வடித்த பெருமகனார் அவர். 1957இல் அவருக்குப்பின் அவர் மாணவரான கே. சி. எஸ். பணிக்கர் முதல்வரானார். கோவையில் பிறந்த பணிக்கர், ஒளிநிழலும் நீர்வண்ண இயற்கைக் காட்சியும் கைவரப் பெற்றவர். அவற்றை விட்டு அவர் நகர்ந்தது இயலாமையால் அன்று. வென்று முடித்த பின் எழுந்த நிறைவின்மையால். தாமும் தம் மாணவரும் யாருடைய கண்ணால் காண்கிறோம் என்னும் கேள்வி அவரை விடாது தொடர்ந்தது. 1963இல் தொடங்கிய சொற்களும் குறியீடுகளும் என்னும் ஓவிய வரிசையில் ஜாதகக் கட்டங்களையும் ஏட்டெழுத்தையும் நினைவூட்டும் வடிவங்கள் நிறைந்தன. எழுத்துப்போல் தோன்றும், படிக்க இயலாது. எழுதுதல் என்னும் சொல்லின் இரு பொருளும் மீண்டும் ஒன்றாகிய இடம் அது எனலாம்.

பணிக்கரும் சிற்பி தனபாலும் வளர்த்த தலைமுறையின் பொதுப்பண்பு எது என்று கேட்டால், கலை வரலாற்றாசிரியர் பலரும் கூறும் விடை கோடு என்பதே. 1966இல் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமம் எழுந்தது. அங்கே குடியேறிய ஓவியர் பாத்திக் முதலிய கைவினைகளை விற்று வயிறு வளர்த்து ஓவியம் செய்தனர். உயர்கலை, கைவினை என்று பள்ளி பிரித்து வைத்ததை வாழ்க்கைத் தேவை ஒன்றாக்கிற்று. 1973இல் இளமையிலேயே மறைந்த கே. இராமானுஜம், கனவுலக மாளிகைகளையும் மாந்தரையும் நுண்கோடுகளால் நிரப்பினார். துறையூரை அடுத்த கீரம்பூரில் பிறந்த கே. எம். ஆதிமூலம், காந்தியடிகளின் நூற்றாண்டான 1969ஐ ஒட்டி அடிகளைக் கோட்டோவியங்களாகத் தொடர்ந்து வரைந்தார். ஒரு சில வீச்சுகளில் ஒரு முதியவரின் உறுதி முழுவதும் அங்கே தாளில் இறங்கிற்று.

ஆதிமூலத்தின் கோடு நம் எழுத்தாளரோடு உறவு பூண்டது. சிறுபத்திரிகைகளின் பக்கங்களிலும் நூல்களின் அட்டைகளிலும் அது இடம்பெற்றது. கி. ராஜநாராயணனின் கரிசல் காட்டுக் கடுதாசி ஜூனியர் விகடனில் வெளிவந்தபோது உடன்வந்த அவர் சித்திரங்கள் இலட்சக்கணக்கான வாசகரின் கண்ணைப் பழக்கின. வெறும் கறுப்புக் கோட்டை அச்சடிக்க வண்ண அச்சுப்பொறி வேண்டுவதில்லை. கைப்பொருள் குறைந்த சிறுபத்திரிகைக்கு அதுவே ஏற்ற ஓவியம். புனையா ஓவியம் வறுமையின் அடையாளமாகாமல் அழகின் நெறியாக மீண்டும் நிலைபெற்றது. 2008இல் ஆதிமூலம் மறைந்தபோது ஓவியருக்கு இணையாக எழுத்தாளரும் தம்மவர் ஒருவரை இழந்ததாக வருந்தினர்.

வாசலில் ஓர் இலக்கணம்

இவ்வளவு நெடுந்தொலைவு சென்று தேடிய புள்ளியும் கோடும் நம் வாசலில் நாள்தோறும் கிடந்தன என்பதையும் கூறாதிருக்கலாகாது. புள்ளி வைத்து, அவற்றைச் சுற்றிக் கோட்டை வளைத்து, தொடங்கிய இடத்திலேயே முடிக்கும் சிக்குக் கோலத்தில் சமச்சீரும் லயமும் ஒருமையும் பிழையறப் பொருந்தியுள்ளன. எழுதி வைத்த நூல் ஏதுமின்றித் தாயிடமிருந்து மகளுக்குச் சென்ற இலக்கணம் அது. 1974இல் சென்னையைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகிய அறிஞர் மூவர், கோலங்களை உருவாக்கும் விதிகளைக் கணினி அறிவியலின் மொழியிலக்கணமாக வகுத்து ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். அதன் தலைப்பிலேயே கோலம் என்னும் சொல் இடம்பெற்றது. ஓவியத்தைக் கற்பிக்க வந்த பள்ளிகள் கலையென எண்ணாத ஒன்றில் கணிதம் இலக்கணத்தைக் கண்டது.

நோக்கும் விருந்தும்

இவ்வரலாற்றிலிருந்து கவிஞர் கொள்ளத்தக்கது யாது? இலக்கணமே வேண்டாவென்று கூறுவார்க்கு இதில் துணையில்லை. பணிக்கரும் ஆதிமூலமும் பயிற்சியின்றிக் கோட்டை அடைந்தவரல்லர். க்ளேயும் காண்டின்ஸ்கியும் எல்லையற்ற விடுதலையைக் கற்பித்தது புள்ளியிலிருந்தும் கோட்டிலிருந்தும் தொடங்கித்தான். அதேபோல், உள்ள இலக்கணமே முடிந்த முடிபு என்பார்க்கும் இதில் துணையில்லை. டி பீலின் அட்டவணையும் சாந்துப்படிப் பயிற்சியும் தத்தம் காலத்தில் ஐயத்திற்கு இடமற்ற அளவுகோல்களாகவே விளங்கின. ஓர் அளவுகோல் வந்தவுடன் அதனால் அளக்கவியலாத அழகு அழகன்று என்று தள்ளப்படுவதே இடர். சென்னை மாணவர் பல தலைமுறையாக இழந்தது அவ்வாறு தள்ளப்பட்ட ஒன்றையே.

பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தில் மரபா புதுமையா என்னும் வழக்கு எழாத கூட்டம் அரிது. தொல்காப்பியரின் 34 உறுப்புகளுள் இரண்டை இங்கே நினைவுகூர விழைகிறேன். ஒன்று நோக்கு. கேட்டவன் மீண்டும் நோக்கிப் பயன் கொள்ளுமாறு மாத்திரை முதல் அடிவரை ஒரு செய்யுள் அமைந்து நிற்றலை அப்பெயரால் அவர் குறித்தார். கண்ணுள் வினைஞருக்குச் சங்கப் புலவர் சூட்டிய சிறப்பும் நோக்கே. எழுதுபவனின் நோக்கும் காண்பவனின் நோக்கும் சந்திக்கும் இடத்தில்தான் கோடும் சொல்லும் கலையாகின்றன. மற்றொன்று விருந்து. புதிதாக வரும் யாப்பு வகைக்கும் இடம் வைத்து, அதனையும் உறுப்புகளுள் ஒன்றாக எண்ணினார் அவர். வீட்டைக் கட்டும்போதே வரப்போகும் விருந்தினருக்குத் திண்ணை வைத்துக் கட்டிய இலக்கணம் நம்முடையது. அத்திண்ணையை அடைத்து அறையாக்கிக் கொள்ளாதிருப்பது அடுத்த பத்தாண்டில் நம் கடமையாகும்.